இரண்டு சொட்டு இடம்

ஐந்து அங்குலத் தண்டவாளத்தில் ஆளை ஏற்றிக்கொண்டு ஒரு சிறு நீராவி என்ஜின் மேடு ஏறுகிறது. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகம். இரண்டு சிலிண்டர், ஒவ்வொன்றும் 28 மி.மீ. விட்டம், 44 மி.மீ. ஸ்ட்ரோக். பாய்லரில் 80 பவுண்டு அழுத்தம், பார் கணக்கில் 5.5. சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது சிலிண்டர்கள் நான்கு முறை நீராவி குடிக்கின்றன. ஸ்ட்ரோக்கின் முக்கால் தூரம்வரை நீராவி விடப்படுகிறது என்று வைத்தால் சுற்றுக்கு 81 க.செ.மீ. அந்த அழுத்தத்தில் நீராவி, தான் தண்ணீராக இருந்தபோது பிடித்த இடத்தைப்போல ஏறக்குறைய 290 மடங்கு இடம் பிடிக்கும். எனவே ஒரு சுற்றுக்கு 0.28 க.செ.மீ. தண்ணீர் செலவாகிறது. இது காகிதக் கணக்கு. சிறு சிலிண்டரின் சுவரில் பட்ட நீராவியில் கணிசமான பங்கு உடனே குளிர்ந்து தண்ணீராகிவிடும். அந்த நஷ்டத்தையும் சேர்த்து 0.45 என்று கொள்வதுதான் அனுபவத்துக்கு ஒத்துவருகிறது.

சக்கர விட்டம் 115 மி.மீ. என்றால் இந்த வேகத்தில் நிமிடத்துக்கு 230 சுற்று. ஏறத்தாழ 100 க.செ.மீ. தண்ணீர் போகிறது. பாய்லருக்குள் தண்ணீரின் மேற்பரப்பு 350 சதுர செ.மீ. இருந்தால், மூன்றரை நிமிடத்தில் மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கும். நீர்மட்டக் கண்ணாடியில் கண்ணுக்குத் தெரிவதே மூன்று சென்டிமீட்டர்தான். நிறைந்த பாய்லர் காலியாகத் தெரிவதற்குப் பத்து நிமிடம் போதும். அதற்குக் கீழே நெருப்புப் பெட்டியின் செம்புக் கூரை இருக்கிறது. அதன்மேல் தண்ணீர் நிற்கும்வரை எவ்வளவு நெருப்பையும் அது தாங்கும். தண்ணீர் விலகினால் செம்பு இளகும், வெள்ளிப்பற்று விட்டுப்போகும். ஓராண்டு உழைப்பு ஒரு சுற்றில் போய்விடும், பக்கத்தில் இருப்பவருக்கும் ஆபத்து. பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் ஃபீட் பம்ப் பற்றி யோசிப்பவர் இந்தப் பத்து நிமிடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தண்ணீர் ஏற்றும் வழிகள் நான்கு. அச்சிலிருந்து இயங்கும் பிளஞ்சர் பம்ப், கைப்பம்ப், தனி நீராவிப் பம்ப், இன்ஜெக்டர். பெரிய ரயில்கள் முதலில் அச்சுப் பம்பையும் அதன் உறவான கிராஸ்ஹெட் பம்பையும் நம்பியிருந்தன. வண்டி ஓடினால்தான் பம்ப் ஓடும். நெடுநேரம் நின்ற என்ஜினில் தண்ணீர் குறைந்தால், பெட்டிகளைக் கழற்றி விட்டுவிட்டு என்ஜினை மட்டும் முன்னும் பின்னும் ஓட்டித் தண்ணீர் ஏற்றினார்கள். அமெரிக்கக் கால்வாய்ப் படகுகளிலும் இதே தொல்லை இருந்தது. மடையில் படகு நின்றால் பம்பும் நிற்கும். அதைத் தீர்க்கத்தான் 1840-களில் ஹென்றி வொர்திங்டன், பிரதான என்ஜினைச் சாராமல் தானே நீராவியில் அடிக்கும் பம்பை உருவாக்கினார். 1858-ல் பிரான்சின் ஆன்றி ஜிஃபார் இன்ஜெக்டருக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டே மான்செஸ்டரில் ஷார்ப் ஸ்டூவர்ட் நிறுவனம் அதைச் செய்யத் தொடங்கியது. அசையும் தண்டு, பிளஞ்சர் எதுவும் இல்லாமல், பாய்லரின் நீராவியே அதே பாய்லருக்குள் தண்ணீரைத் தள்ளியது கண்டு அந்தக் காலத்துப் பொறியாளர்களே வியந்தார்கள்.

சிறு என்ஜின்களின் உலகில் இந்த நான்கும் வேறு வரிசையில் வந்தன. பெர்சிவல் மார்ஷல் 1898-ல் லண்டனில் தொடங்கிய மாடல் என்ஜினியர் இதழ்தான் இந்தக் கலையின் பள்ளிக்கூடம். நிலக்கரி எரிக்கும் சிறு பாய்லர் உருப்படுமா, ஸ்பிரிட் விளக்கே போதுமா என்று 1920-களின் தொடக்கத்தில் அதன் பக்கங்களில் பெரிய வாதம் நடந்தது. நிலக்கரியின் பக்கம் நின்று, செய்தும் காட்டியவர் எல்.பி.எஸ்.சி. என்ற புனைபெயரில் எழுதியவர். தான் ஒரு காலத்தில் வேலை பார்த்த லண்டன், பிரைட்டன் அண்ட் சவுத் கோஸ்ட் ரயில்வேயின் முதலெழுத்துகளையே அவர் பெயராக வைத்துக்கொண்டார். நிலக்கரி வென்றதும் சிறு என்ஜின்கள் ஆளை இழுக்கத் தொடங்கின. தண்ணீர்ச் செலவு கூடியது. பம்ப் அலங்காரமாக இருந்த நிலை போய், உயிர் உறுப்பானது. பல பத்தாண்டுகள் அவர் எழுதிய செய்முறைகளைப் பார்த்து, பொறியியல் படிக்காத எத்தனையோ பேர் தங்கள் வீட்டு லேத்தில் பம்ப் செய்திருக்கிறார்கள். இன்றும் செய்யப்படும் அச்சுப் பம்புகளில் பெரும்பாலானவை அந்த மரபில் வந்தவைதான்.

வடிவம் எளிது. கன்மெட்டலில் ஒரு பேரல், அதற்குள் துருப்பிடிக்காத எஃகுப் பிளஞ்சர். பேரலின் மூக்கில் செங்குத்தாக ஒரு வால்வு அறை. கீழே உறிஞ்சும் குண்டு, மேலே தள்ளும் குண்டு. அச்சில் மையம் விலகிப் பூட்டிய எக்சென்ட்ரிக் வட்டு பிளஞ்சரை இழுக்கும், தள்ளும். மலிவாகக் கிடைக்கிறது என்று பேரலைப் பித்தளையில் செய்பவர்கள் உண்டு. வெந்நீரில் காலப்போக்கில் பித்தளையின் துத்தநாகம் கரைந்து உலோகம் சொத்தையாகிவிடும். பாய்லரை ஒட்டிய எதற்கும் கன்மெட்டலோ வெண்கலமோதான் சரி.

அளவு முன்னே போட்ட கணக்கிலிருந்து வருகிறது. 8 மி.மீ. பிளஞ்சர், 12 மி.மீ. ஸ்ட்ரோக் என்றால் ஒரு தள்ளலுக்கு 0.6 க.செ.மீ. கசிவும் வால்வுத் தாமதமும் போக 0.5 தேறும். தேவையான 0.45-க்குச் சற்று மேலே. இருக்கட்டும் என்று பிளஞ்சரைப் பெரிதாக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. பெரிய பம்ப் ஒரே மூச்சில் நிறையக் குளிர்ந்த நீரைக் கொட்டிப் பாய்லர் அழுத்தத்தை விழத் தட்டும். என்ஜினின் பலத்தையும் தின்னும். 8 மி.மீ. பிளஞ்சரே ஒவ்வொரு தள்ளலிலும் 2.8 கிலோ எடைக்குச் சமமான எதிர்ப்பைச் சந்திக்கிறது.

இத்தனையும் சரியாகச் செய்த பம்ப்கூட, பொருத்திய அன்று ஒரு சொட்டும் ஏற்றாமல் நிற்பதுண்டு. பார்த்துப் பார்த்துக் கடைந்த பிளஞ்சர், அதைச் சுற்றி அடைக்கும் ஒழுகாத கிளாண்ட், பளபளக்கும் பேரல். தொட்டியில் தண்ணீர் இருக்கிறது, எக்சென்ட்ரிக் ஆடுகிறது, பாய்லருக்கு எதுவும் போகவில்லை. செய்தவர் கிளாண்டை இன்னும் இறுக்குவார், குண்டை மாற்றுவார். கோளாறு பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. பிளஞ்சர் முழுவதும் உள்ளே போன பிறகும் மிஞ்சுகிற வெற்றிடத்தில்தான் இருக்கிறது.

கணக்குப் பாருங்கள். உள்ளே இருப்பது காற்று மட்டும் என்று வைப்போம். தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் பாய்லரின் செக் வால்வைத் திறக்க வேண்டுமானால் அந்தக் காற்று, வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்து 6.5 பாருக்கு நசுங்க வேண்டும். அதாவது ஆறரையில் ஒரு பங்காகச் சுருங்க வேண்டும். 0.6 க.செ.மீ. தள்ளும் பம்பில், தள்ளி முடித்த பின் மிஞ்சும் இடம் 0.11 க.செ.மீ.-க்கு மேல் இருந்தால் காற்று அந்த அழுத்தத்தை எட்டவே எட்டாது. சுருங்கும், விரியும், சுருங்கும், விரியும். பிளஞ்சர் ஆடிக்கொண்டே இருக்கும். இரண்டு குண்டுகளும் அசையாது. 0.11 க.செ.மீ. என்பது இரண்டு சொட்டுத் தண்ணீர். 4 மி.மீ. விட்டத்தில் 10 மி.மீ. நீளத் துளை ஒன்று இருந்தாலே அந்த அளவைத் தாண்டிவிடும். வால்வு அறைக்கும் பேரலுக்கும் நடுவே அப்படியொரு துளை இல்லாத பம்ப் அரிது.

நம் ஊர் அடிகுழாயில் வெறுமனே அடித்தால் கைப்பிடி மேலும் கீழும் போகும், தண்ணீர் வராது. ஒரு சொம்புத் தண்ணீரை மேலே ஊற்றிவிட்டு அடித்தால் நாலாவது அடியில் கை கனக்கும். ஊற்றிய தண்ணீர் தோல் வாஷரின் இடுக்கை அடைக்கிறது, காற்று இருந்த இடத்தையும் பிடித்துக்கொள்கிறது. தோட்டத்து மோட்டார் ஏர் பிடித்துக்கொண்டது என்று சொல்லும் விவசாயிக்கும் இந்தப் பாடம் தெரியும். சிறு பம்புக்கும் அதே வைத்தியம்தான். மேலே ஊற்ற வாய் கிடையாது. பதிலுக்கு, தள்ளும் தண்ணீரைத் தொட்டிக்கே திருப்பும் பைபாஸ் வால்வு இருக்கிறது. அதைத் திறந்தால் பம்புக்கு எதிரே பாய்லர் அழுத்தம் இல்லை. காற்று சுலபமாகத் தொட்டிக்குத் திரும்பிப் போய்விடும், பின்னாலேயே தண்ணீர் வந்து நிரம்பும். நிரம்பிய பிறகு மூடினால், நசுங்காத தண்ணீர் எவ்வளவு வெற்றிடம் இருந்தாலும் வேலை செய்யும்.

அப்படியானால் வெற்றிடத்தைப் பற்றி ஏன் கவலை? ஓட்டத்தின் நடுவே ஒரு குமிழி நுழைந்தால் போதும். வெற்றிடம் பெரிதாக உள்ள பம்ப் அங்கேயே முடங்கும்; சிறிதாக உள்ளது விக்கிவிட்டுத் தொடரும். பிளஞ்சரின் நுனியில் ஒரு மெல்லிய முளை கடைந்து, முழுவதும் உள்ளே போகும்போது அந்த முளை வால்வு அறைக்குப் போகும் துளைக்குள் நுழையும்படி எல்.பி.எஸ்.சி. வரைந்து கொடுத்தார். 10 மி.மீ. நீளத் துளையில் 3.5 மி.மீ. முளை நுழைந்தால் 0.126 க.செ.மீ. இடம் 0.03-ஆகச் சுருங்குகிறது. இந்தக் கலையில் நான் பார்த்த திருத்தங்களில் இவ்வளவு சிறிய உலோகத்தால் இவ்வளவு பெரிய பலன் தந்தது வேறில்லை. புதுப் படங்கள் பலவற்றில் இதை விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

முளை இருந்தாலும் பிளஞ்சரின் தூரம் சரியாக இல்லாவிட்டால் பயனில்லை. எக்சென்ட்ரிக் முன்முனையில் நிற்கும்போது பிளஞ்சர் நுனிக்கும் பேரலின் அடிக்கும் நடுவே 0.4 மி.மீ. இருக்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் அச்சுத் தாங்கி தேய்ந்த பிறகு முட்டும். கண்ணால் பார்க்க முடியாத இடம் என்பதால் நான் மெழுகை நம்புகிறேன். கடுகளவு தேன்மெழுகை உருட்டி, பிளஞ்சர் நுனியில் முளைக்குப் பக்கத்தில் ஒட்டி, சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு வெளியே எடுத்து, நசுங்கிய மெழுகின் கனத்தை வெர்னியரால் அளக்க வேண்டும். அதிகமாக இருந்தால் எக்சென்ட்ரிக் தண்டின் நீளத்தைக் கூட்ட வேண்டும். தண்டை நிலையாகப் பற்றவைக்கும் முன்பே இதைச் செய்துவிட்டால் அரை நாள் மிச்சம்.

குண்டுகளுக்கு வருவோம். 4.8 மி.மீ. குண்டுக்கு 3.2 மி.மீ. துளை. துளையை முதலில் கொஞ்சம் சிறிதாகப் போட்டுவிட்டு ரீமரால் முடிக்க வேண்டும். டிரில் பிட் போடும் துளை ஒருபோதும் சுத்த வட்டமாக வராது. துளையின் வாய் தட்டையாக, கூர் விளிம்போடு, பிசிறில்லாமல் இருக்க வேண்டும். சாய்வாகக் குடைந்து அகலமான சீட் வைப்பது பார்வைக்கு நல்லதாகத் தோன்றும், நடைமுறையில் ஒழுகும். கூர் விளிம்பின்மேல் ஒரு சாதாரண எஃகுக் குண்டை வைத்து, அதன்மேல் பித்தளைக் கம்பியை நிறுத்தி, சிறு சுத்தியலால் ஒரே ஒரு தட்டு. விளிம்பில் முடியளவு வெள்ளிக் கோடு விழும். அந்தக் குண்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிய துருப்பிடிக்காத குண்டைப் போட வேண்டும். சரியாக அமர்ந்திருக்கிறதா என்று அறிய கருவி தேவையில்லை. குண்டை ஈரமாக்கி உட்கார வைத்து, அடிப்பக்கத் துளையை வாயில் வைத்து உறிஞ்சினால் நாக்கு ஒட்டிக்கொண்டு விடாமல் நிற்க வேண்டும். பத்து நொடி நின்றால் சீட் தேறியது.

குண்டு எழும் உயரத்தில் பலரும் தாராளமாக இருந்துவிடுகிறார்கள். துளை விட்டத்தில் கால் பங்கு எழுந்தாலே, சுற்றிலும் திறக்கும் வழி துளையின் பரப்புக்குச் சமமாகிவிடும். 3.2 மி.மீ. துளைக்கு 0.8 மி.மீ. அதற்கு மேல் எழுவதில் லாபம் இல்லை, நஷ்டம் உண்டு. மணிக்கு 10 கிலோமீட்டரில் சக்கரம் நிமிடத்துக்கு 460 சுற்று; பம்பின் ஒரு தள்ளலுக்குக் கிடைக்கும் நேரம் 0.065 நொடி. 3 மி.மீ. உயரத்திலிருந்து குண்டு தன் எடையால் விழவே 0.025 நொடி ஆகும், தண்ணீருக்குள் இன்னும் கூட. அடிநேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வால்வு திறந்தே கிடக்கிறது. 0.8 மி.மீ. என்றால் ஐந்தில் ஒரு பங்கு. மெதுவாகப் போகும்போது நன்றாக ஏற்றும் பம்ப் வேகமெடுத்ததும் தளர்ந்துபோவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

உறிஞ்சும் குண்டு மேலே எழுந்து, பேரலுக்குப் போகும் வாயிலையே அடைத்துக்கொள்வது இன்னொரு பழைய கோளாறு. அது எழும் உச்சியில் அரத்தாலோ சிறு உளியாலோ குறுக்கே இரண்டு வெட்டுப் போட்டுவிட்டால் குண்டு முட்டினாலும் தண்ணீருக்கு வழி இருக்கும்.

என் முதல் பம்ப் ஒரு மாதம் என்னை அலைக்கழித்தது. மேசையில் வைத்து அடித்தால் விரலால் அடைக்க முடியாத வேகத்தில் தண்ணீர் பீய்ச்சும். என்ஜினில் பூட்டினால் இரண்டு சுற்று ஓட்டத்தில் நின்றுவிடும். நான்காவது முறை பிரித்தபோது, மேல் சீட்டின் விளிம்பில் தலைமுடி கனத்தில் ஒரு வெள்ளை இழை. தொட்டி இணைப்பின் மரையில் நான் சுற்றிய டெஃப்லான் டேப்பின் நுனி கிழிந்து தண்ணீரோடு வந்து குண்டுக்குக் கீழே படுத்திருந்தது. அன்றுமுதல் பம்புக்கு முன்னால் உள்ள எந்த மரையிலும் டேப் சுற்றுவதில்லை. உறிஞ்சும் குழாயின் வாயில் மெல்லிய பித்தளை வலை இல்லாமல் தொட்டியில் தண்ணீர் ஊற்றுவதில்லை.

பேக்கிங் பற்றிய பழைய தகராறு இன்று கிட்டத்தட்டத் தீர்ந்துவிட்டது. கிராஃபைட் தோய்த்த நூலைச் சுற்றி கிளாண்டை இறுக்கிய காலத்தில், இறுக்கம் குறைந்தால் உறிஞ்சும்போது காற்று புகும், கூடினால் என்ஜினுக்கே பிரேக் போட்டதுபோல் ஆகும். ஓ-ரிங் வந்த பிறகு, காடியை அளவாக வெட்டி வளையம் பத்தில் ஒரு பங்கு நசுங்கும்படி வைத்தால் போதும். குளிர்ந்த தண்ணீர் மட்டுமே தொடும் இடத்துக்கு நைட்ரைல் ரப்பர் சரியானது. வெந்நீரைத் தாங்கும் ஈ.பி.டி.எம். எண்ணெய் பட்டால் ஊதிவிடும். எக்சென்ட்ரிக்குக்கு எண்ணெய் விடாமல் யாரும் ஓட்டுவதில்லை, அதனால் அது இங்கே ஆகாது.

குழாய்களுக்கு ஒரே விதி: ஒட்டக முதுகுபோல் எங்கும் மேடு இருக்கக் கூடாது. தொட்டியிலிருந்து பம்புக்கு இறங்கும் வழியில் மேடு இருந்தால் அங்கே காற்று குடியேறி, என்ஜின் குலுங்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பம்புக்குள் வரும். உறிஞ்சும் குழாயின் உள்விட்டம் பிளஞ்சரின் விட்டத்தில் பாதிக்குக் குறையக் கூடாது.

தனி நீராவிப் பம்பும் இன்ஜெக்டரும் அச்சுப் பம்பைத் தேவையற்றதாக்கிவிட்டனவா? நின்றபடியே ஏற்றலாம் என்பது இரண்டின் பெரும் பலம். நீராவிப் பம்பில் நீராவிப் பிஸ்டன் தண்ணீர்ப் பிளஞ்சரைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். தள்ளுவதும் எதிர்ப்பதும் ஒரே பாய்லரின் அழுத்தம் என்பதால் பரப்பில்தான் மேலாதிக்கம் கிடைக்கும். சுழலும் சக்கரம் இல்லாததால் ஸ்ட்ரோக்கின் முனையில் நீராவியை யார் திருப்பிவிடுவது என்ற சிக்கல் உண்டு. இரண்டு பம்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றன் தண்டு மற்றதன் வால்வை நகர்த்தும்படி செய்த வொர்திங்டனின் இரட்டை ஏற்பாடுதான் சிறு அளவிலும் நம்பகமானது. நிலையான என்ஜினும் படகும் வைத்திருப்பவர்கள் அதைச் செய்து பார்க்கலாம். ரயில் என்ஜினில் அது அழகு சேர்க்கும், ஆனால் நீராவியை நிறையக் குடிக்கும்.

இன்ஜெக்டர் வேறு ரகம். மேட்டுப்பாளையத்தில் குன்னூர் வண்டியின் என்ஜின் பக்கத்தில் நின்றவர்கள் அது பிடிக்கும்போது எழும் சத்தத்தைக் கேட்டிருப்பார்கள். சிறு அளவில் அதன் கூம்புத் துளைகள் ஒரு மில்லிமீட்டரைச் சுற்றியே இருக்கும். ஒரு துகள் சுண்ணாம்பு படிந்தாலும் நின்றுவிடும். தொட்டித் தண்ணீர் வெதுவெதுப்பானால் அதற்குப் பிடிக்காது. நம் வெயிலில் நண்பகலில் தொட்டியைத் தொட்டுப் பார்த்தாலே இந்தக் குறை விளங்கும். நன்றாகச் செய்த இன்ஜெக்டரை நான் மிகவும் மதிக்கிறேன். அதை மட்டும் நம்பி நெருப்பு மூட்ட மாட்டேன். ஓட்டத்துக்கு அச்சுப் பம்ப், நிற்கும்போது இன்ஜெக்டர், இரண்டும் கைவிட்டால் கைப்பம்ப் என்ற மூன்றடுக்குதான் என் முடிவு. கைப்பம்புக்கு இன்னொரு வேலையும் உண்டு. புதுப் பாய்லரை வேலை அழுத்தத்தைப்போல இரு மடங்குக்குத் தண்ணீரால் நிரப்பிச் சோதிப்பது அதைக்கொண்டுதான். 12 மி.மீ. பிளஞ்சரில் 11 பாருக்கு 12 கிலோவுக்கு மேல் தள்ள வேண்டும். ஒன்றுக்கு ஐந்து நெம்புகோல் இருந்தால் ஒரு கையால் முடியும்.

பொருத்திய பம்பைச் சீர்செய்ய நெருப்பு வேண்டாம். பைபாஸைத் திறந்துவிட்டு என்ஜினைக் கையால் தள்ள வேண்டும். தொட்டிக்குத் திரும்பும் குழாயின் வாய் ஓட்டுநர் கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும். முதலில் குமிழிகள் வரும், பிறகு சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு துடிப்பாகத் தண்ணீர். துடிப்பு நடுநடுவே தவறினால் சீட்டில் அழுக்கு. துடிப்போடு குமிழியும் வந்துகொண்டே இருந்தால் கிளாண்டிலோ உறிஞ்சும் இணைப்பிலோ காற்று வழி. தெளிந்த பிறகு பாய்லரை விளிம்புவரை குளிர்ந்த நீரால் நிரப்பி, பைபாஸை மூடித் தள்ளினால் அழுத்தமானி முள் இரண்டு மூன்று சுற்றில் விருட்டென்று ஏற வேண்டும். தள்ளுவதை நிறுத்தியதும் முள் இறங்கினால், பாய்லர் வாயில் உள்ள செக் வால்வைக் கழற்றி உறிஞ்சிப் பார்க்க வேண்டிய நேரம்.

நெருப்பு மூட்டி ஓட்டிய பிறகு கைதான் மானி. பம்பிலிருந்து செக் வால்வுக்குப் போகும் குழாயை விரலால் தொட்டால் குளிர்ந்திருக்க வேண்டும். சுட்டால் பாய்லர் நீர் பின்வாங்கி வருகிறது. பேரலும் சுட்டால் உறிஞ்சும்போது உள்ளே இருக்கும் வெந்நீரே நீராவியாகி, காற்று செய்த அதே கேட்டைச் செய்யும். அப்போது என்ஜினை நிறுத்தி, ஈரத்துணியை பம்பின்மேல் போட்டு, பைபாஸைத் திறந்து நாலு முழம் தள்ளினால் பிடித்துக்கொள்ளும். மாலையில் செக் வால்வின் சீட்டைப் பார்த்துக்கொள்ளலாம்.

என் பாதையில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ மூன்று நிமிடம் ஆகிறது. பைபாஸின் பிடியில் அரத்தால் ஒரு கீற்று போட்டு வைத்திருக்கிறேன். கால் திருகுக்குச் சற்று முன்னால் அந்தக் கீற்று நிற்கும்போது, ஒருவரை ஏற்றிக்கொண்டு ஆறு சுற்று போனாலும் கண்ணாடியில் தண்ணீர் பாதிக்கோட்டிலேயே நிற்கிறது.